காலிக் கோட்டைக்குள் தங்கிப் பார்ப்பது எப்படி? அறை பிடிப்பது முதல் மதில் நடை வரை

இலங்கைக்குச் சுற்றுலா போகும் பலருடைய திட்டத்தில், தென்மேற்குக் கரையில் காலி (Galle) என்ற ஊரில் இருக்கும் காலிக் கோட்டை என்பது மதியச் சாப்பாட்டுக்கு வண்டி நிற்கும் இடம், அவ்வளவுதான். காலையில் கொழும்பிலிருந்து வேனில் கிளம்பி, பதினொரு மணிக்கு உள்ளே வந்து, மண்டையைப் பிளக்கும் வெயிலில் கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, ஒரு ஜூஸ் குடித்துவிட்டு, மூன்று மணிக்கு ஹிக்கடுவைக்கோ மிரிஸ்ஸவுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். கோட்டையைப் பார்க்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. வேன்கள் வருவதற்கு முன், அப்புறம் அவை போன பின், அதாவது காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் இது மனிதர்கள் குடியிருக்கும் ஊராக இருக்கிறது. அந்த இரண்டு நேரமும் கையில் கிடைக்க வேண்டுமென்றால் மதிலுக்குள்ளேயே தூங்க வேண்டும். ஊனவட்டுனவில் கடற்கரை ரிசார்ட் எடுத்துவிட்டு "பத்து நிமிஷம்தானே, ஆட்டோவில் வந்து பார்த்துக்கலாம்" என்பவர்கள் கடைசியில் வருவது மத்தியானம்தான்.

போவதற்கு முன் வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது, ஏனென்றால் எந்தப் பக்கம் நடக்க வேண்டும், எங்கே தங்க வேண்டும் என்பது வரை அதுதான் தீர்மானிக்கிறது. போர்த்துக்கீசியர்கள் 1588-ல் இங்கே அரண் கட்டியபோது நிலத்தை நோக்கிய வடக்குப் பக்கத்தை மட்டும்தான் பலப்படுத்தினார்கள். மற்ற மூன்று பக்கமும் கடலும் பாறையும் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. 1640-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்த பிறகு முனையைச் சுற்றி முழுசாக மதில் எழுப்பி, பதினான்கு கொத்தளங்கள் வைத்து, உள்ளே நேர்நேராகத் தெருக்கள் போட்டு, கழிவுநீரைக் கடல் அலை ஏறி இறங்கும்போது கழுவிக்கொண்டு போகும்படி நிலத்தடி வாய்க்கால்களும் வெட்டினார்கள். 1796-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1988-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும் உள்ளே பள்ளிக்கூடம், நீதிமன்றம், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம், தபால் நிலையம் எல்லாம் இயங்குகின்றன. டிக்கெட் கிடையாது, வாசலில் யாரும் நிறுத்த மாட்டார்கள்.

படி 1: எப்போது, எத்தனை இரவு

இரண்டு இரவு. ஒரே இரவு என்றால் வந்து சேர்ந்த களைப்பிலேயே பாதி போய்விடும். மூன்றாவது இரவு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்போது பகலில் வெளியே எங்காவது போய்வரத் தோன்றும், ஊர் அவ்வளவு சின்னது.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு, கடல் அமைதி, அறை வாடகை உச்சம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் கரை இது. அலை மதிலில் அறைவதைப் பார்ப்பதற்கென்றே அந்த மாதங்களில் வருபவர்களும் உண்டு, வாடகையும் நன்றாகவே இறங்கியிருக்கும். எனக்குப் பிடித்தது மார்ச், கூட்டம் குறையத் தொடங்கியிருக்கும், மழை இன்னும் வந்திருக்காது.

தேதி போடுமுன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, ஜனவரி பக்கம் நடக்கும் காலி இலக்கிய விழா. இரண்டு, பக்கத்து மைதானத்தில் டெஸ்ட் கிரிக்கெட். இந்த இரண்டின்போதும் நல்ல அறைகள் எல்லாம் முன்பே போய்விடும். மூன்றாவது போயா, அதாவது ஒவ்வொரு பௌர்ணமியும் வரும் அரசு விடுமுறை. அன்று நாடு முழுக்க மது விற்பனை இல்லை, ஆனால் உள்ளூர்க் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு மதில் மேல் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பீர் முக்கியமா, கூட்டத்தின் கலகலப்பு முக்கியமா என்பது உங்கள் இஷ்டம்.

படி 2: எந்த மாதிரி ஓட்டல்

கோட்டைக்குள் பெரிய ஓட்டல் கட்ட முடியாது. பழைய கட்டடங்களில் கைவைக்கத் தொல்லியல் திணைக்களம், காலி மரபுரிமை மன்றம் போன்றவற்றின் கட்டுப்பாடுகள் உண்டு. அதனால்தான் இங்கே இருப்பதெல்லாம் பழைய வீட்டை ஓட்டலாக மாற்றியவை. தெருவைப் பார்த்த தூண் வைத்த திண்ணை, உள்ளே நுழைந்தால் நடுமுற்றம், முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு அறை, உயரமான கூரை, மரத்தூலம். பூட்டிக் ஹோட்டல் என்று தனியாக யாரும் உருவாக்கவில்லை, சட்டமும் இடநெருக்கடியும் சேர்ந்து அப்படி ஆக்கிவிட்டன.

உச்சியில் இருப்பது அமங்கல்லா. 1684-ல் டச்சுக்காரர்கள் எழுப்பிய கட்டடம், ஆங்கிலேயர் காலத்தில் நியூ ஓரியண்டல் ஹோட்டல் என்ற பெயரில் கப்பல் பயணிகளுக்குப் பேர்போன விடுதியாக இருந்தது. அங்கே ஒரு இரவு வாடகையைக் கேட்டால் பலருக்கு மயக்கம் வரும், ஆனால் வராந்தாவில் மாலைத் தேநீர் குடிக்க அங்கே தங்கியிருக்கத் தேவையில்லை. நான் சொல்வேன், பணத்தை அங்கே ஒரு தேநீரில் செலவழித்துவிட்டு, படுக்கையை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அடுக்கு, பழைய வணிகர் வீடுகளை மாற்றிய ஐந்திலிருந்து பதினைந்து அறை கொண்ட பூட்டிக் ஓட்டல்கள். இந்தக் கட்டுரை முக்கியமாக அவற்றைப் பற்றித்தான். அதற்கும் கீழே, வீட்டுக்காரர்கள் மாடியில் இரண்டு அறை விடும் ஹோம்ஸ்டேக்கள். பல வீடுகளில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், காலைச் சாப்பாடு சில சமயம் பெரிய ஓட்டலைவிட நன்றாக இருக்கும்.

படி 3: ஓட்டலைப் பார்க்காதீர்கள், அறையைப் பாருங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி. சங்கிலி ஓட்டலில் 204-ம் அறையும் 304-ம் அறையும் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. ஒரே ஓட்டலில், ஏறக்குறைய ஒரே வாடகைக்கு, ஒருவருக்கு நான்கு கம்பக் கட்டிலும் பழைய ஜன்னலுமாகப் பெரிய கூடம் கிடைக்கும், இன்னொருவருக்குப் பின்கட்டில் முன்பு சரக்கறையாக இருந்திருக்கக்கூடிய ஜன்னலில்லாத பெட்டி கிடைக்கும். இணையதளத்தில் இருக்கும் போட்டோ எப்போதும் முதல் அறையுடையது. அதனால் புக்கிங் தளத்தில் விலையை ஒப்பிட்டு முடித்த பிறகு, ஓட்டலுக்கே நேரடியாக ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்பி, அறையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நேரடியாகக் கேட்டால் பல இடங்களில் விலையும் கொஞ்சம் இறங்கும்.

கேட்க வேண்டியவை இவை. அறை பழைய வீட்டுப் பகுதியிலா, பின்னால் புதிதாகக் கட்டிய பகுதியிலா? பழைய பகுதி அழகு, புதிய பகுதியில் குழாயும் ஏசியும் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம். எந்த மாடி? தரைத்தளம் தெருவைப் பார்த்தால் நடப்பவர்கள் பேசுவது தலைமாட்டில் கேட்கும், மழைக்காலத்தில் சுவரிலிருந்து ஈர வாசனையும் வரும். பழைய சுவர்கள் பவளக்கல்லும் சுண்ணாம்பும் கலந்தவை, கடற்காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓட்டுக்கூரைக்கு நேர்கீழே இருக்கும் மாடி அறை பகலெல்லாம் கொதிக்கும், ஆனால் இரவில் காற்று அபாரம். மாடிப்படி எப்படி? பெரும்பாலும் செங்குத்தான மரப்படி, லிஃப்ட் இருக்காது. அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அவர்களுக்கு முட்டிவலி என்றால் தரைத்தளம், முற்றத்தைப் பார்த்த அறை என்று எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

குளியலறை திறந்தவெளியா என்றும் கேளுங்கள். பார்க்க அருமையாக இருக்கும், மாலை ஆறு மணிக்குக் கொசு என்ன செய்யும் என்பது அந்தப் போட்டோவில் தெரியாது. கொசுவலை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. நீச்சல்குளம் இருக்கிறது என்று போட்டிருந்தால் நீளம் எவ்வளவு என்று கேளுங்கள், பல இடங்களில் அது இறங்கி உட்காரும் தொட்டிதான். சில ஓட்டல்கள் சின்னப் பிள்ளைகளை அனுமதிப்பதில்லை, அதைப் பணம் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டும்.

இடம்? வடக்கே நுழைவாயிலுக்குப் பக்கம் சர்ச் தெரு வசதி, சாமான் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம். நடுவில் பெட்லர் தெருவும் லைட்ஹவுஸ் தெருவும்தான் கடைவீதி, இரவு பத்து வரை சத்தம் இருக்கும், சில மொட்டை மாடி உணவகங்களில் பாட்டும் உண்டு. தெற்கே கலங்கரை விளக்கம் பக்கம் அமைதி, கடல் பார்வை, ஆனால் மீரான் பள்ளிவாசலின் விடியற்காலை பாங்கு தெளிவாகக் கேட்கும். அது எனக்குப் பிடிக்கும், லேசான தூக்கக்காரர்கள் நடுப்பகுதிக்கு நகர்ந்துகொள்ளலாம். நான் தேர்ந்தெடுப்பதென்றால் லேன் பான் தெரு, டச்சுக் காலத்தில் கயிறு திரித்த தெரு. கடைகளுக்கும் பக்கம், சத்தமும் குறைவு.

கடைசியாக விலை. மெனுவிலோ அறை வாடகையிலோ கூட்டல் குறி இரண்டு போட்டிருந்தால், அதன்மேல் 10% சேவைக் கட்டணமும், 18% வாட் வரியும், சின்னச் சின்ன வரிகளும் ஏறும். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அறை வாடகையை டாலரில் சொல்லி, பில்லை ரூபாயில் போடும் இடங்களில் எந்த மாற்று விகிதம் என்றும் கேட்பது நல்லது.

படி 4: போய்ச் சேர்வது

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் ஈடிஏ எனும் மின்னணுப் பயண அனுமதியைக் கிளம்புமுன் இலங்கை அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நேராக வாடகைக் காரில் போனால், நெடுஞ்சாலை முழுக்க தூங்கிக்கொண்டே போகலாம். அவசரம் இல்லையென்றால் ரயில்தான். கொழும்பு கோட்டை நிலையத்தில் ஏறுங்கள் (பெயரில் கோட்டை இருக்கிறது, ஆனால் கொழும்பின் மதில்களை ஆங்கிலேயர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள்), காலிக்கு இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம். தெற்கே போகும்போது வலதுபக்கம் உட்காருங்கள், தண்டவாளத்துக்கும் அலைக்கும் இடையில் சில இடங்களில் பத்தடிகூட இருக்காது. ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ஒரு முழு ரயிலையே புரட்டிப்போட்ட இடம் அது, நினைவுச்சின்னம் இருக்கிறது. வார இறுதியில் ரயிலில் நிற்கக்கூட இடம் கிடைக்காமல் போகலாம். அப்படியென்றால் கொழும்பை அடுத்த மாக்கும்புரவிலிருந்து அதிவேகப் பாதையில் போகும் ஏசி பஸ், ஒன்றரை மணி நேரத்துக்குள் கொண்டுவிடும்.

காலி ரயில் நிலையமும் பஸ் நிலையமும் மதிலுக்கு எதிரேதான். கோட்டை வாசலுக்குப் பத்து நிமிட நடை. பெட்டி கனமாக இருந்தால் ஆட்டோ, அங்கே த்ரீவீலர் என்பார்கள். பிக்மீ செயலியில் பிடித்தால் பேரம் பேச வேண்டாம். சொந்த வண்டியில் வருபவர்கள், வண்டியை எங்கே நிறுத்துவது என்று ஓட்டலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், உள்ளே தெருக்கள் ஒரு கார் அகலம்தான்.

படி 5: முதல் மாலை, மதில் மேல்

அறையில் பெட்டியை வைத்துவிட்டு நாலரைக்குக் கிளம்புங்கள். 1873-ல் ஆங்கிலேயர் திறந்த பிரதான வாசலுக்குப் பக்கத்தில் மணிக்கூண்டு இருக்கும் சந்திரக் கொத்தளத்தில் ஏறி, கடல் எப்போதும் வலது கைப்பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும். கிழக்கே சூரியக் கொத்தளம், நடுவில் சந்திரன், மேற்கே நட்சத்திரம். இந்த மூன்றும்தான் நிலத்துப் பக்கத்தைக் காத்தவை, மதிலின் கனத்தைப் பார்த்தாலே எதிரி எங்கிருந்து வருவான் என்று பயந்தார்கள் என்பது புரியும்.

மேலே நின்றால் கீழே கிரிக்கெட் மைதானம் முழுசாகத் தெரியும். டெஸ்ட் நடக்கும்போது இங்கே நின்று ஓசியில் பார்க்கும் கூட்டமே தனி. 2010 ஜூலையில் முத்தையா முரளிதரன் தன் கடைசி டெஸ்டின் கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தி 800-வது விக்கெட்டை எடுத்தது இந்த மைதானத்தில்தான். சுனாமி அன்று இந்த மைதானமும் பஸ் நிலையமும் மூழ்கின, மதிலுக்கு உள்ளே இருந்த ஊர் பெருமளவு தப்பித்தது. பீரங்கிக்காகக் கட்டிய சுவர் மூன்றரை நூற்றாண்டு கழித்துக் கடலைத் தடுத்திருக்கிறது.

நட்சத்திரத்தைத் தாண்டி மேற்கு மதிலில் ஏயோலஸ், கிளிப்பன்பர்க், நெப்டியூன், ட்ரைட்டன் என்று கொத்தளங்கள் வரிசையாக வரும். சூரிய அஸ்தமனத்துக்கு எல்லோரும் தென்முனையில் இருக்கும் கொடிப்பாறைக்கு ஓடுவார்கள். நீங்கள் நெப்டியூனிலோ ட்ரைட்டனிலோ நின்றுவிடுங்கள், புல்வெளி இருக்கிறது, கூட்டம் குறைவு, அதே சூரியன்தான். கொடிப்பாறையில் உள்ளூர் இளைஞர்கள் பணம் வாங்கிக்கொண்டு பாறைகளுக்கு நடுவே கடலில் குதித்துக் காட்டுவார்கள். எந்த இடத்தில் ஆழம் என்று தெரிந்து குதிப்பவர்கள் அவர்கள், உங்களுடன் வந்த வீரர் யாராவது சட்டையைக் கழற்றினால் பிடித்து நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை: மதிலுக்குப் பெரும்பாலான இடங்களில் கைப்பிடிச் சுவரே கிடையாது. செல்ஃபிக்காகப் பின்னால் நகர்வது, மழை ஈரத்தில் ஓரமாக நடப்பது, இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் இறங்குவது எல்லாமே ஆபத்து. பிள்ளைகள் கையை விடாதீர்கள்.

படி 6: விடியற்காலை, தெருக்கள்

ஆறு மணிக்கு எழுந்திருங்கள். கலங்கரை விளக்கத்தில் தொடங்குங்கள், 1939-ல் கட்டியது, 26.5 மீட்டர் உயரம், சூரியன் அதன் பின்னாலிருந்து வரும். எதிரே மீரான் பள்ளிவாசலைப் பார்த்தால் முதலில் தேவாலயம் என்றுதான் நினைப்பீர்கள், முகப்பு அப்படி. பக்கத்துத் தெருவின் பெயர்ப் பலகையில் பரவா தெரு என்று இருக்கும், நம் முத்துக்குளித்துறைப் பரவர்களின் பெயர்தான். மதிலோரமாக வடக்கே நடந்து நீதிமன்றச் சதுக்கத்துக்கு வாருங்கள். வார நாளென்றால் ஒன்பது மணிக்குக் கறுப்புக் கோட்டு வக்கீல்களும் கட்சிக்காரர்களும் மரநிழலில் நிரம்பிவிடுவார்கள். அதற்கு முன்னால் பழைய வாசலைப் பாருங்கள்: வெளிப்பக்கம் பிரிட்டிஷ் முத்திரை, உள்பக்கம் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, அதன் மேல் ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு.

ஒன்பதுக்குமேல் வெயில் ஏறியதும் கூரைக்குக் கீழே போய்விடலாம். 1755-ல் கட்டிய டச்சுச் சீர்திருத்தத் தேவாலயத்தில் தரையே கல்லறைக் கற்கள்தான், மண்டையோடும் மணல் கடிகாரமும் செதுக்கியவை. பெரிய சரக்குக் கிடங்கில் இருக்கும் கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் போதும். தமிழர்கள் தேட வேண்டிய பொருள் ஒன்று இங்கே இல்லை: சீன அட்மிரல் செங் ஹே 1409-ம் ஆண்டுத் தேதியிட்டு நிறுத்திய மும்மொழிக் கல்வெட்டு. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதி, தமிழ்ப் பகுதியில் தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. 1911-ல் காலியில் கிடைத்தது, மூலக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொழும்பில் அரைநாள் இருந்தால் முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பதினொன்றிலிருந்து நாலு வரை ஓட்டலிலேயே இருங்கள். முற்றத்து நிழலில் சாய்வு நாற்காலி, காப்பி, ஒரு குட்டித்தூக்கம். அந்த முற்றத்துக்கும் சேர்த்துத்தானே வாடகை கொடுத்திருக்கிறீர்கள்.

படி 7: சாப்பாடு

காலைச் சாப்பாட்டில் ஆம்லெட், டோஸ்ட் பக்கம் போகாதீர்கள். முதல் நாள் இரவே "நாளைக்கு இலங்கைச் சாப்பாடு" என்று சொல்லி வைத்தால், இடியாப்பம், பருப்பு, பொல் சம்பல், ஆப்பம் என்று செய்து தருவார்கள். சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சம்பலிலும் சில காய்கறிக் கறிகளிலும் மாசி, அதாவது உலர்த்திய மீன், போடுவது அங்கே வழக்கம், அவர்கள் அதை மீனாகவே நினைப்பதில்லை. "மீன் வேண்டாம்" என்றால் போதாது, "மாசியும் வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

இரவுச் சாப்பாடு உள்ளே விலை அதிகம், பழைய டச்சு மருத்துவமனைக் கட்டடத்தில் இருக்கும் உணவகங்களில் கடலைப் பார்த்து ஒருநாள் சாப்பிடலாம். மற்ற நாள் வாசலைத் தாண்டி வெளியே நகரத்துக்குள் நடந்தால் கொத்து ரொட்டி தட்டும் சத்தமே வழிகாட்டும், விலை பல மடங்கு குறைவு. முஸ்லிம் வீட்டு உணவகங்களில் வட்டிலப்பம் இருந்தால் விடாதீர்கள்.

கடைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெருவில் நின்று "மூன்ஸ்டோன் பாருங்க சார்" என்று அழைப்பவரிடம் ரத்தினக்கல் வாங்காதீர்கள், மரக்கட்டைகளில் நூல் சுற்றிக் கையால் பின்னும் பீராலு லேஸை வாங்கலாம், பின்னுகிறவரிடமே வாங்கினால் இன்னும் நல்லது. விகாரைக்குள்ளும் பள்ளிவாசலுக்குள்ளும் போவதாக இருந்தால் தோளும் முழங்காலும் மூடிய உடை, புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் போட்டோ வேண்டாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்தில் சில கடைகள் மூடியிருக்கும்.

கடைசி நாள்

மூன்றாவது நாள் காலையில் நேரம் இருந்தால் விரிகுடாவுக்கு எதிரே தெரியும் ருமஸ்ஸல குன்றுக்கு ஆட்டோவில் போய்வாருங்கள். அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு அது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை, மேலே ஜப்பானியர் கட்டிய வெள்ளை ஸ்தூபி இருக்கிறது, அங்கிருந்து கோட்டை மொத்தமும் ஒரே பார்வையில் தெரியும். அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் பதினொன்று அல்லது பன்னிரண்டு. பெட்டியை வரவேற்பறையில் விட்டுவிட்டுப் போகலாம், கேட்டால் குளித்துக் கிளம்ப ஒரு குளியலறையும் தருவார்கள். பில்லில் 10% சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருக்கும், அதனால் கட்டாயம் எதுவுமில்லை, ஆனால் செங்குத்துப் படியில் உங்கள் பெட்டியைத் தூக்கிவந்த பையனுக்குத் தனியாகக் கையில் கொடுங்கள். திரும்பும் ரயிலில் கடல் இடதுபக்கம் வரும்.